வடகடலா, தென்கடலா? ராமநாதபுரம் கரையோரம் நெடுந்தூரக் கயாக் பயணம் போகிறவர்களுக்கு

சுந்தரபாண்டியன்பட்டினத்தில் தொடங்கி ரோச்மாநகர் வரை ராமநாதபுரம் மாவட்டத்துக்குச் சுமார் 237 கிலோமீட்டர் கடற்கரை இருக்கிறது. பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மண்டபம், பாம்பன் பக்கத்து மீனவர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். துடுப்பால் ஓட்டும் குறுகிய சிறு படகான கயாக்கில் மூன்று நான்கு நாள் தொடர்ந்து போக நினைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது இந்த இரண்டில் எது என்பதைத்தான். எந்தப் படகு, எந்தத் துடுப்பு, இரவில் எங்கே தங்குவது எல்லாம் அந்த முடிவைப் பின்தொடர்ந்து வரும்.

கடல் கயாக் பற்றிய கையேடுகளில் பெரும்பாலானவை நார்வே, ஸ்காட்லாந்து, அலாஸ்கா போன்ற வடக்குப் பாறைக் கரைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே ஆளைக் கொல்வது தண்ணீரின் குளிர். 15 டிகிரிக்கும் கீழான நீரில் கவிழ்ந்தவருக்குச் சில நிமிடங்களில் விரல்கள் சொன்னபடி கேட்காது; அதனால்தான் உடம்பை முழுக்க மூடும் டிரை சூட் அங்கே கட்டாயம் போல. ஓதமும் பல இடங்களில் நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும், பயணத் திட்டமே ஓத அட்டவணையை வைத்துத்தான் போடப்படும். ராமநாதபுரம் கரையில் ஏற்ற வற்று ஒரு மீட்டரைத் தொடாது, தண்ணீர் ஆண்டு முழுக்க வெதுவெதுப்பு. இங்கே ஆளை வீழ்த்துபவை இரண்டு: வெயில், கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. அந்தக் கையேடுகளை அப்படியே பின்பற்றிப் பொருள் வாங்குபவர்கள் தவறான இடத்தில் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

காற்றைப் பார்த்துக் கடலைத் தேர்வது

பலரும் செய்யும் கணக்கு இது: ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று பலமாக அடிக்கும், தென்கடல் கொந்தளிக்கும், வடகடலோ கரையோரம் கண்ணாடி மாதிரி கிடக்கும், ஆகவே அந்த மாதங்களில் வடகடல் நல்லது. இந்தக் கணக்கு ஆபத்தானது. கச்சான் தென்மேற்கிலிருந்து வருகிறது. தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரை கரை கிழக்கைப் பார்த்தும், தேவிபட்டினத்திலிருந்து மண்டபம் வரை வடக்கைப் பார்த்தும் இருப்பதால், இரண்டு பகுதியிலும் அந்தக் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். கரையை ஒட்டி நீர் அமைதியாகத் தெரிவதற்குக் காரணமே காற்றுக்கு அலை எழுப்பும் தூரம் அங்கே கிடைக்காததுதான். அரை கிலோமீட்டர் வெளியே போனதும் அலை எழும்பத் தொடங்கும். அங்கே கவிழ்ந்தால் 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர்) காற்றில் ஆளும் படகும் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் அளவுக்கு வெளியே இழுபடலாம். திரும்ப ஏறி உட்கார்ந்தாலும் எதிர்க்காற்றில் துடுப்பு போடும் வேகம் பாதியாகிவிடும். களைத்த உடம்போடு அந்தத் தூரத்தைத் திரும்பக் கடக்க வேண்டும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நிலைமை தலைகீழ். வாடை வடகிழக்கிலிருந்து வரும். அப்போது தென்கடல் கரையோரம் அமைதியாக இருக்கும், வடகடல் கலங்கிச் சலசலக்கும். ஆனால் வடகடலில் அந்தக் காற்று உங்களைக் கரைக்குத் தள்ளுகிறது. கவிழ்ந்தால் நனைந்து, அலுத்து, கடைசியில் சேற்றில் கால் ஊன்றுவீர்கள். தென்கடலில் அதே வாடை வெளிக்கடலுக்குத் தள்ளும்.

எனவே கடல் எவ்வளவு தட்டையாகக் கிடக்கிறது என்பதைப் பார்க்காமல், தவறு நேர்ந்தால் காற்று எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்பதைப் பார்த்து முடிவெடுங்கள். முதல் நெடும்பயணம் என்றால் எங்கள் தேர்வு ஐயமில்லாமல் வடகடல்தான்: ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை, தொண்டியில் கடலில் இறங்கி மண்டபத்தில் கரையேறுவது. அனுபவம் உள்ளவர்களுக்குத் தென்கடல்: மார்ச் தொடக்கம் முதல் ஏப்ரல் முதல் வாரம் வரை, மண்டபத்திலிருந்து மேற்கே வாலிநோக்கம் நோக்கி. அக்டோபர் முதல் டிசம்பர் கடைசி வரை இரண்டுமே வேண்டாம். அது புயல் காலம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் வந்ததும் அந்த மாதத்தின் நான்காம் வாரத்தில்தான். பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால் எந்த மாதமானாலும் படகைத் தண்ணீரில் இறக்கக் கூடாது.

வடகடல்: தொண்டி முதல் மண்டபம் வரை

கரையோரமாகச் சுமார் 75 கிலோமீட்டர். விடிந்ததும் இறங்கி 11 மணிக்குள் கரையேறுவது என்று வைத்துக்கொண்டால் நான்கு நாள் தாராளம், ஐந்து நாள் நிம்மதி. நம்புதாழை, முள்ளிமுனை, காரங்காடு, மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம், ஆற்றங்கரை, பிரப்பன்வலசை என்று ஊர்கள் நெருக்கமாக வருவதால் தண்ணீருக்கும் சோற்றுக்கும் கவலை இல்லை. வடக்கிலிருந்து தெற்கே போவதற்குக் காரணம் உண்டு. வாடைக் காலத்தில் காற்று முதல் இரண்டு நாள் அமரத்துப் பக்கமாகப் பின்னாலிருந்து தள்ளும், கடல் நீரோட்டமான நீவாடும் தெற்கு நோக்கியே இருக்கும். தேவிபட்டினத்தைத் தாண்டிக் கரை கிழக்கே திரும்பியதும் அதே காற்று இடது விலாவில் அடிக்கத் தொடங்கும். கடினமான பகுதி அதுதான், அதைக் கடைசி இரண்டு நாளுக்கு வைப்பதே முறை. தெற்கிலிருந்து வடக்கே வருபவர்கள் நான்கு நாளும் காற்றோடு மல்லுக்கட்டுவார்கள்.

பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், சராசரி பத்து மீட்டருக்குள். அலை பெரிதாக எழாது, ஆனால் குட்டையாக, செங்குத்தாக, மூன்று முதல் ஐந்து நொடிக்கு ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். நீண்ட படகின் முன்முனையான அணியம் ஒரு அலையில் ஏறும்போதே அடுத்தது மடியில் விழும். நனைவது நிச்சயம், பொருள்கள் ஒவ்வொன்றும் நீர்புகாப் பைக்குள் இருக்க வேண்டும்.

கரையேறுவதுதான் இங்கே பெரிய தொல்லை. நீர் வற்றிய நேரத்தில் பல இடங்களில் நூறு இருநூறு மீட்டர் முழங்கால் சேற்றில் படகை இழுக்க வேண்டிவரும். செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ளும், வெறுங்காலில் சிப்பி கிழிக்கும். கணுக்காலைப் பிடிக்கும் வலைத்துணிக் காலணிதான் சரி. பாதத்தைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்தபடி நடங்கள். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அதிர்வுக்கு விலகிப் போய்விடும், மிதித்தால் வால்முள்ளால் குத்தும்.

இரண்டாவது தொல்லை, கடலில் மனிதர்கள் கட்டி வைத்திருப்பவை. மண்டபம் பக்கம் நெருங்க நெருங்கப் பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி. நான்கு மூலையில் மூங்கில், குறுக்கே கயிறு கயிறாகப் பாசி, அடியில் நங்கூரக் கயிறு. மிதவை பாதி முழுகியே கிடக்கும், எதிர்வெயிலில் இருபது மீட்டர் கிட்டே வரும் வரை தெரியாது. சுக்கான் வைத்த படகு நங்கூரக் கயிற்றில் மாட்டினால் அலை பக்கவாட்டில் அடித்துக் கவிழ்த்துவிடும். வரிசைக்குள் நுழையாமல் வெளிப்பக்கமாகச் சுற்றிப் போங்கள், இல்லையென்றால் சுக்கானைத் தூக்கிவிட்டுப் போங்கள். அது மகளிர் பலரின் பிழைப்பு. ஒரு கயிறு அறுந்தால் ஒரு மாத உழைப்பு போகும்.

காரங்காட்டில் வனத்துறை நடத்தும் சூழல் சுற்றுலாவில் அலையாத்திக் காட்டுக்குள் கயாக் ஓட்டக் கிடைக்கிறது. கயாக்கில் இதுவரை உட்காராதவர்கள் பயணத்துக்குச் சில வாரம் முன்பே அங்கே போய்ப் பார்த்துவிடலாம். ஆனால் அது ஓடை நீர், கடலில் நிற்பதற்கான பயிற்சி ஆகாது.

தென்கடல்: மண்டபம் முதல் வாலிநோக்கம் வரை

அழகு என்று பார்த்தால் போட்டியே இல்லை. வேதாளை, புதுமடம், பெரியபட்டினம், சேதுக்கரை, கீழக்கரை, ஏர்வாடி என்று சுமார் 55 கிலோமீட்டர். தெளிந்த நீர், மணற்கரை, தெற்கே அடிவானத்தில் தீவுகள். தூத்துக்குடி வரை பரவிக் கிடக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. ஏமாற்றம் தொடங்குவதும் இங்கேதான். வனத்துறை அனுமதி இல்லாமல் தீவில் இறங்க முடியாது, இரவு தங்குவது நினைப்பதற்கே இல்லை. தீவு தீவாகத் தாவிப் போகலாம் என்ற எண்ணத்தோடு வருபவர்கள் அதை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். தீவுக்கும் கரைக்கும் இடைப்பட்ட நீரில், கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் போவதுதான் நடைமுறை.

அந்தத் தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப் பார்களும் வெளிக்கடல் அலையை உடைத்துத் தருவதால் மண்டபம் முதல் ஏர்வாடி வரை கரையேறுவது எளிது. வாலிநோக்கத்துக்கு மேற்கே, மூக்கையூர், நரிப்பையூர் பக்கம், அந்தக் காப்பு பெருமளவு குறைந்துவிடும். அங்கே கரையில் மடிந்து விழும் அலையில் படகை நேராகப் பிடித்து இறக்கத் தெரிய வேண்டும். தெரியாதவர்கள் வாலிநோக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஏப்ரல், மே மாதங்களில் இன்னொன்று உண்டு: கள்ளக்கடல். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழுந்த நீளலை, இங்கே காற்றே இல்லாத நாளில், அறிகுறி காட்டாமல் வந்து கரையில் ஏறும். உள்ளூர் வானிலையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் வெளியிடும் பேரலை எச்சரிக்கையைக் காலையும் மாலையும் பார்ப்பது தென்கடலில் போகிறவருக்குக் கட்டாயம். எங்கள் தேர்வு ஏப்ரல் முதல் வாரத்தோடு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டையும் இணைத்துப் பாம்பன் கால்வாய் வழியாகப் போகலாமா? ஆசைப்படுவது இயல்பு. வாடைக் காலத்தில் நீர் வடக்கிலிருந்து தெற்காகவும், கச்சான் காலத்தில் தெற்கிலிருந்து வடக்காகவும் அந்தக் குறுகிய வழியில் பாயும். காற்று நீவாட்டுக்கு எதிராகத் திரும்பினால் அலை நட்டுக்குத்தாக நிற்கும். 2025இல் திறந்த புதிய ரயில் பாலத்தில் நடுத் தூக்குப் பகுதி 72.5 மீட்டர் அகலம், தூண்களுக்கு இடைப்பட்ட மற்ற கண்கள் 18 மீட்டர் சொச்சம். அகலம் போதும். சிக்கல் தூண்களையும் பாறைகளையும் சுற்றிய சுழிப்பிலும் அவற்றில் ஒட்டியிருக்கும் சிப்பியிலும்தான். பாம்பன் துறைமுக அலுவலகத்தில் கேட்காமல் நுழைய வேண்டாம். படகை மண்டபத்தின் வடகரையில் ஏற்றித் தென்கரையில் இறக்குவது வண்டியில் சில நிமிட வேலை.

அரிச்சல்முனையைச் சுற்றுவது வேண்டவே வேண்டாம். இரண்டு கடலும் முட்டும் இடத்தில் நீவாடு நொடிக்கு நொடி மாறும், தென்பக்கக் கரை சட்டென்று ஆழத்தில் இறங்கும். அப்பால் இருக்கும் மணல் தீடைகளுக்கு நடுவே இலங்கையுடனான கடல் எல்லை போகிறது. மோட்டார் இல்லாத படகுக்கு அங்கே தவறு செய்ய இடமில்லை.

எந்தப் படகு

மேலே உட்காரும் பாலிஎத்திலீன் கயாக், உள்ளே உட்காரும் நீண்ட கடல் கயாக், காற்றடைத்த கயாக். தேர்வு இந்த மூன்றுக்குள்தான்.

காற்றடைத்ததை முதலில் ஒதுக்கிவிடலாம். ராமநாதபுரம் ரயில் நிலையம் வரை பையில் கொண்டுவரலாம் என்பது அதன் ஒரே பலம். இந்த மாவட்டத்தின் கரையெங்கும் சீமைக் கருவேல முள் கிடக்கிறது. இரண்டங்குல முள் படகின் அடித்துணியைத் தைத்தால் ஒட்டுப் போடுவதிலேயே பொழுது போகும். நண்பகல் வெயிலில் கரையில் விட்டால் உள்ளே காற்று விரிந்து தையல் பிரியும். விலாக் காற்றில் சருகு போல இழுபடும்.

மேலே உட்காரும் வகை கவிழ்ந்தால் புரட்டிப்போட்டு ஏறிக்கொள்ளலாம், தண்ணீர் இறைக்க வேண்டியதில்லை. வெயில் காலத்தில் கால் வெந்துபோகாது. ஆனால் சுமை முழுக்க மேலே கட்டப்படுவதால் படகு தள்ளாடும், வேகம் மணிக்கு 4 கிலோமீட்டரைத் தாண்டுவது சிரமம். உள்ளே உட்காரும் கடல் கயாக் 5 மீட்டருக்கு மேல் நீளம், சுமார் 55 செ.மீ. அகலம், சுமை முழுதும் அடித்தளத்தில், வேகம் 5 முதல் 6 கிலோமீட்டர். ஆனால் கவிழ்ந்தால் உருட்டி நிமிர்த்தவோ துடுப்பு மிதவை மாட்டி ஏறவோ தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சி இல்லாதவருக்கு அது வேகமான ஆபத்து.

வடகடலுக்கு மேலே உட்காரும் வகையே போதும். நாளுக்கு 18, 20 கிலோமீட்டரை அதில் ஐந்து மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். நீளம் மட்டும் 4 மீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். சுற்றுலாக் கடற்கரைகளில் வாடகைக்கு விடும் 3 மீட்டர் படகு காற்றில் திரும்பிக்கொண்டே இருக்கும். தென்கடலுக்கு உள்ளே உட்காரும் வகை.

கடல் கயாக் வாங்குபவர்கள் பிளாஸ்டிக்கா ஃபைபரா என்று கேட்பார்கள். மற்ற கரைகளில் பிளாஸ்டிக் என்பதே பதில், அது பாறையில் மோதினாலும் உடையாது. இங்கே எங்கள் பதில் ஃபைபர். நாட்டுப்படகுகளில் பல இன்று ஃபைபர் என்பதால் ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை என்று எங்கும் ரெசினும், கண்ணாடியிழை விரிப்பான மேட்டும் வைத்திருக்கும் ஆள் கிடைப்பார். பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் விரிசல் விட்டால் எந்தப் பசையும் ஒட்டாது, சூடாக்கித்தான் பற்றவைக்க வேண்டும். அதற்குக் கருவி கிராமத்தில் இராது. ஃபைபரில் ஓட்டை விழுந்தால் இப்படி: ஓட்டையைச் சுற்றி ஐந்து செ.மீ. அளவுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, மேட்டை ஒன்றைவிட ஒன்று சற்றுப் பெரிதாக மூன்று துண்டு வெட்டி ரெசின் தோய்த்து ஒட்ட வேண்டும். 100 கிராம் ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் ஒரு மில்லி போதும். வெயிலில் இரண்டு மில்லி ஊற்றினால் தூரிகை கையில் இருக்கும்போதே இறுகிவிடும். பெரும்பாலும் ஒட்டு தோற்பது உப்பு சரியாகப் போகாததால்தான்.

சுக்கானா, அடியில் இறங்கும் நிலைத்தகடான ஸ்கெக்கா? வடகடலில் சுக்கான் பாசியையும் கயிற்றையும் பிடிக்கும். ஸ்கெக் பெட்டிக்குள் மணலும் சிப்பித் துண்டும் புகுந்து இறுகும். இறுகியதை இழுக்க ஸ்கெக் நுனியில் ஒரு துளை போட்டுச் சின்னக் கயிறு கட்டிவிடுங்கள். பக்கத்துப் படகுக்காரர் அதைப் பிடித்து இழுத்துவிடுவார். சுக்கான் என்றால் இரும்புக் கம்பிக்குப் பதில் டைனீமா என்ற உறுதியான செயற்கை இழைக் கயிறு. உப்பில் கம்பி இற்று, அறுவதற்கு முன் எந்த அடையாளமும் காட்டாது.

தண்ணீர், தங்கல், துணைப்படகு

ஆளுக்கு நாளுக்குக் குடிக்க 6 லிட்டர், சமையலுக்கு 2 லிட்டர். ஊர் நெருக்கமான வடகடலில் ஒரு நாளைக்கும், தென்கடலில் ஒன்றரை நாளைக்கும் வைத்திருந்தால் போதும். கேன்களை இருக்கைக்குப் பின்னால், படகின் நடுவில், அடியோடு அடியாக வையுங்கள். ஒரே பெரிய கேன் வேண்டாம், பாதி தீர்ந்ததும் தண்ணீர் ஆடிப் படகை ஆட்டும். இரண்டு லிட்டர் பாட்டில்களே நல்லது. காலை 9 மணிக்குப் பிறகு ஒவ்வொரு மணிக்கும் அரை லிட்டராவது குடிக்க வேண்டும், அதில் ஒரு தடவை உப்பு சர்க்கரைக் கரைசல். தலைவலியும் எரிச்சலும் வந்த பிறகு குடித்தால் அந்த நாள் அதோடு முடிந்தது.

காட்டுக் கரையில் கூடாரம் அடிப்பதைவிட ஊரில் தங்குவது எல்லா வகையிலும் மேல். மீன் இறங்குதளத்தில் ஊர்த் தலைவரைக் கேட்டு அவர் சொல்லும் இடத்தில் படுங்கள். கரைவலை இழுக்கும் இடத்தில் படகை ஏற்றாதீர்கள். இரண்டு பக்கக் கயிறும் கரைக்கு வரும் வரை தள்ளி நின்று காத்திருங்கள்.

குழுவில் மூன்று படகுக்குக் குறைவு என்றால் உள்ளூர் நாட்டுப்படகு ஒன்றைத் துணைக்கு அமர்த்திக்கொள்வது அவசியம் என்றே சொல்வோம். தனியாகப் போகும் சுதந்திரம் பெரிதுதான். ஆனால் இங்கே சாட்டிலைட் போன் அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம், சாட்டிலைட் வழி செய்தி அனுப்பும் கையடக்கக் கருவிகளுக்கும் அதே நிலைதான். வெளிநாட்டுப் பயணிகளின் முதல் பாதுகாப்புச் சாதனம் நமக்குக் கிடையாது. அந்த இடத்தை நிரப்புவது கடல் தெரிந்த ஒரு மீனவர்தான். விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாள்களையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு இராது. இடிபடும் ஆபத்து குறையும், உதவிக்கு வரும் படகுகளும் குறையும்.

அனுமதி

இலங்கை எல்லைக்கு இவ்வளவு அருகே, கடல் அட்டைக் கடத்தல் நடக்கும் கரையில், விடியுமுன் விளக்கில்லாமல் நகரும் சிறு படகு சந்தேகத்துக்குரியது. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள்: ஒவ்வொருவர் பெயர், ஆதார் நகல், படகின் நிறம், நாள்வாரியாக இறங்கும் ஏறும் இடம், கரையில் இருக்கும் தொடர்பாளரின் எண். தென்கடலுக்கு ராமநாதபுரம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்திலும் தனியே கேட்க வேண்டும். ட்ரோன் கொண்டுவர வேண்டாம். சங்கோ பவளமோ எதையும் எடுத்துப் பையில் போட வேண்டாம். இருட்டில் ஓட்ட வேண்டாம். முகம் தெரியும் வெளிச்சம் வந்த பிறகே இறங்குங்கள்.

கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554. இரண்டையும் போனில் மட்டுமல்லாமல் படகின் மேல்தளத்திலும் அழியாத மையால் எழுதிவையுங்கள். ஒவ்வொரு நாளும் கரையேறியதும் தொடர்பாளருக்கு ஒரு அழைப்பு. கடைசி நாள் படகை வண்டியில் ஏற்றுமுன், கடிதம் கொடுத்த அதே நிலையத்துக்கும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் ஊர் திரும்பினால் உங்களைத் தேடி ஒரு ரோந்துப் படகு கிளம்பியிருக்கும்.